ஸ்பான்சர் லைசென்ஸைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி: இரண்டு வருடம் காசு கட்டியவளின் கணக்கு

போன வாரம் மூன்றாம் வருடத்துக்கான பில் வந்தது. மாதம் 110 பவுண்டு, வாட் சேர்த்து 132. வருடத்துக்கு 1,584. அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர், "இந்தக் காசைச் சேர்த்து வைத்திருந்தால் ஊரிலிருந்து பெரிய கிரைண்டர் ஒன்று வரவழைத்திருக்கலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. எங்கள் கிரைண்டர் உளுந்து அரைக்கும்போது பஸ் கிளம்புகிற மாதிரி சத்தம் போடுகிறது.

கோவிலில் பார்க்கும் கடைக்காரர்கள் நாலைந்து பேர், "அந்த கம்ப்ளையன்ஸ் கம்பெனி எப்படி, சேரலாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல நேரமில்லை, அதனால் எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு ஆள் கூட்டிவர ஹோம் ஆஃபீஸ், அதாவது பிரிட்டனின் உள்துறை, தருவது ஸ்பான்சர் லைசென்ஸ். அதற்கான காகிதங்களை விதிப்படி வைத்திருக்க உதவுவதுதான் கம்ப்ளையன்ஸ் கம்பெனியின் வேலை. கம்பெனியின் பெயரைப் போடப்போவதில்லை. லண்டனில் இதே சேவையை விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே சாமானைத்தான் வேறு வேறு டப்பாவில் வைத்துத் தருகிறார்கள். நான் வாங்கிய டப்பாவில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கடை ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. 38 பேர் உட்காரலாம். ஸ்பான்சர் செய்து கூட்டிவந்தவர்கள் இரண்டு பேர். தோசை மாஸ்டர் 2023 ஜனவரியில் வந்தார், பரோட்டா மாஸ்டர் அதே வருடம் ஜூனில். பரிமாற, பில் போட, பாத்திரம் கழுவ ஏழு பேர். அதில் மூன்று பேர் ஸ்டூடண்ட் விசா. லைசென்ஸ் வாங்கிய வருடத்தில் காகிதம் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பில் இருந்தது. அதாவது ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது.

2024 பிப்ரவரி 13 முதல் அபராதத்தை மூன்று மடங்காக்கினார்கள். வேலை செய்ய உரிமை இல்லாத ஒருவரை வைத்திருந்தால் முதல் தடவை ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை, மறுபடி மாட்டினால் 60,000 வரை. அதற்கு முன் 15,000, 20,000 என்றிருந்தது. எங்கள் கடையில் எல்லாருக்கும் உரிமை உண்டு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உரிமை இருக்கிறது என்பதை நாம் பார்த்தோம் என்று காட்டுவதற்குக் காகிதம் வேண்டுமே. அன்று ராத்திரி கடையைச் சாத்தியபின் பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் கொட்டினேன். ஒரு தாளில் சாம்பார் கறை. இன்னொன்றில் யாருடைய பாஸ்போர்ட் என்றே தெரியாத நகல். மறுநாளே அந்தக் கம்பெனிக்கு போன் செய்தேன்.

விற்க வந்த பையன் நன்றாகப் பேசினான். "நீங்கள் தோசையைப் பாருங்கள், ஹோம் ஆஃபீஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றான். இந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கையெழுத்துப் போட்டு வெகுநாள் கழித்து ஒப்பந்தத்தின் 11ஆம் பக்கத்தைப் படித்தேன். எல்லாக் கடமைக்கும் இறுதிப் பொறுப்பு லைசென்ஸ் வைத்திருப்பவருடையது என்று பொடி எழுத்தில் இருந்தது. இதில் ஏமாற்று எதுவுமில்லை. ஹோம் ஆஃபீஸ் வழிகாட்டியிலும் அப்படித்தான் இருக்கிறது: உன் சார்பில் யாரை வைத்துக்கொண்டாலும், அவர் செய்கிற தப்புக்கு நீதான் பொறுப்பு. பையன் அதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காசுக்கு என்ன தருகிறார்கள்? போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற ஒரு ஆப். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஃபைல்: பாஸ்போர்ட், இ-விசா (இணையத்தில் இருக்கும் விசாப் பதிவு), வேலை ஒப்பந்தம், பே ஸ்லிப், முகவரி, போன் நம்பர், லீவு கணக்கு. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் போனில் தட்ட வேண்டும், எந்த இடத்திலிருந்து தட்டினார்கள் என்பதும் பதிவாகிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை ஆள் நேரில் வந்து ஒத்திகை ஆடிட் செய்வார். சந்தேகம் கேட்க ஒரு போன் நம்பர். விதி மாறினால் மின்னஞ்சல். இதில் ஒத்திகை ஆடிட்டுக்காகவே நான் காசு கொடுப்பேன். போன் நம்பருக்கு ஒரு பென்னி கூடக் கொடுக்க மாட்டேன். ஆப் இரண்டுக்கும் நடுவில்.

ஆடிட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வந்தவர் ஒரு குஜராத்தி அம்மா, அறுபதுக்குப் பக்கத்தில் இருக்கும். ரொம்ப வருடம் ஏதோ ஆஸ்பத்திரி ஒன்றில் ஊழியர் பிரிவில் இருந்தவராம். காபி வேண்டாம் என்றார், தண்ணீர் மட்டும் குடித்தார். நேராக ஃபைல்களை எடுத்தார். எங்கள் ஸ்டூடண்ட் பெண்கள் மூன்று பேரின் ஃபைலிலும் ஷேர் கோடு (வேலை உரிமையைச் சரிபார்க்க அரசாங்கத் தளம் தரும் குறியீடு) பக்கத்தின் படம் அச்சடித்து வைத்திருந்தோம். பெருமையாகக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "இது செல்லாது" என்றார்.

ஏன் தெரியுமா? வேலைக்கு வரும் பெண் தன்னுடைய கணக்கில் உள்ளே போய், தன் போனில் தெரியும் பக்கத்தைக் காட்டினால் அது அவள் பார்க்கும் பக்கம். முதலாளி பார்க்க வேண்டியது வேறு பக்கம். அவளிடமிருந்து ஷேர் கோடையும் பிறந்த தேதியையும் வாங்கி, அரசாங்கத் தளத்தில் முதலாளிகளுக்கென்று இருக்கிற இடத்தில் நாமே போட்டு, அங்கே வருகிற போட்டோவும் எதிரே நிற்கிற முகமும் ஒன்றுதானா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்க வேண்டும். வேலைக்கான கோடு டபிள்யூ எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். இதெல்லாம் முதல் நாள் வேலைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த நகலை ஆள் வேலையில் இருக்கும்வரை வைத்திருந்து, போனபின்னும் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் வைத்திருந்த மூன்று படத்தையும் வீட்டுக்காரர் அந்தப் பெண்களின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் வாங்கியிருந்தார். மூன்று பேருக்கும் உண்மையிலேயே உரிமை இருந்ததால் தப்பித்தோம். ஒருத்திக்கு இல்லாமல் போயிருந்தால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வடை மடிக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

பழைய பிளாஸ்டிக் பி.ஆர்.பி. அட்டையை, அதாவது தங்கும் அனுமதி அட்டையை, நம்பி இன்னும் சில கடைகளில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்படுகிறேன். அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பது 2022 ஏப்ரல் 6 முதலே சோதனையாகாது. 2024 கடைசியோடு அட்டையே ஒழிந்துவிட்டது. இப்போது இ-விசாதான்.

அப்புறம் அந்த அம்மா சமையலறைக்குப் போய், மாஸ்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். நான் மொழிபெயர்க்கிறேன் என்று கூடவே போனேன். "நீங்கள் வெளியே இருங்கள், ஹோம் ஆஃபீஸ்காரர்கள் வந்தால் உங்களை உள்ளே விட மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் கொத்தமல்லி ஆய்கிற மாதிரி நின்றுகொண்டேன். உங்கள் வேலை என்ன என்று கேட்டார். எங்கள் தோசை மாஸ்டர் தங்கமான மனிதர். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பணிவாகச் சொன்னார்: "அக்கா சொல்றதெல்லாம் செய்வேன் மேடம். கல்லுல நிப்பேன். கூட்டமா இருந்தா டேபிள் துடைப்பேன். டெலிவரிக்குப் பையன் வரலேன்னா நானே கொண்டு போவேன்."

கொத்தமல்லிக் கட்டு என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

விசுவாசத்தைக் காட்டத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் ஹோம் ஆஃபீஸ் காதில் அது எப்படி விழும்? சமையல்காரர் என்று சொல்லி சி.ஓ.எஸ். (இன்ன வேலைக்கு என்று எழுதி ஸ்பான்சர் கொடுக்கும் சான்று) கொடுத்த ஆளை எடுபிடியாக வைத்திருக்கிறார்கள் என்று விழும். சி.ஓ.எஸ்.ஸில் எழுதிய வேலையும் ஆள் செய்கிற வேலையும் ஒன்றாக இல்லாவிட்டால் லைசென்ஸே போகலாம். போனால் இரண்டு மாஸ்டர்களுக்கும் விசாவைச் சுருக்குவார்கள், வழக்கமாக 60 நாள் தருவார்கள். அதற்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அந்த அம்மா வெளியே வந்து என்னிடம் சொன்னது இதுதான்: "அவருக்குப் பதில் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவரை டேபிள் துடைக்க விடாதீர்கள்." அன்றைக்கே வீட்டுக்காரரை டேபிள் துடைக்கப் போட்டேன். முதலாளி துடைக்கலாம், அதற்கு விசா தடையில்லை.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு 1,584 பவுண்டு தகும்.

ஆப்பைப் பற்றி. முதல் மூன்று மாதம் எனக்கு அதன் மேல் வெறுப்பாகவே இருந்தது. காலையில் மாவு வழிந்துகொண்டிருக்கும்போது போன் கத்தும், மாஸ்டர் 'தட்ட' மறந்துவிட்டார் என்று. ஆனால் அதே ஆப் எங்களை ஒரு பெரிய சங்கடத்திலிருந்து காப்பாற்றியது. 2024 கோடையில் இல்ஃபோர்டில் ஒரு சின்ன டேக்அவே தொடங்கினோம். அங்கே தோசை சரியாக வரவில்லை என்று மாஸ்டரை அங்கே அனுப்பிவிட்டு, இங்கே உதவியாளை வைத்துச் சமாளித்தோம். நான்காம் நாள் ஆப் கேட்டது: இவருடைய வழக்கமான வேலையிடம் மாறியிருக்கிறதா? எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாள் இரண்டு நாள் போய் உதவிவிட்டு வருவது வேறு. வழக்கமான இடமே மாறினால் 10 வேலை நாளுக்குள் எஸ்.எம்.எஸ்.ஸில் தெரிவிக்க வேண்டும்.

எஸ்.எம்.எஸ். என்றால் போனில் அனுப்புகிறோமே அதில்லை. ஸ்பான்சர்களுக்கென்று அரசாங்கம் வைத்திருக்கிற தளத்தின் பெயர் அது. பார்த்தால் இருபது வருடத்துக்கு முந்தைய ரயில்வே முன்பதிவுப் பக்கம் மாதிரி இருக்கும். ஆள் சொன்ன தேதிக்கு வேலையில் சேரவில்லையா, அனுமதி இல்லாமல் தொடர்ந்து 10 வேலை நாள் வரவில்லையா, வேலையை விட்டுவிட்டாரா, சம்பளத்தைக் குறைத்தோமா, எல்லாவற்றையும் அங்கேதான் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர்கள் அந்தத் தளத்துக்கு அவர்களே 'லெவல் ஒன்' ஆளாக (தளத்துக்குள் போய்ப் பதிய அனுமதி உள்ளவராக) இருந்து எல்லாம் செய்துவிடுவதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் பாஸ்வேர்டைக் கொடுக்கப் போனார். நான் விடவில்லை. அவர்கள் இருக்கட்டும், கூட நானும் இருப்பேன் என்றேன். கடையைச் சேர்ந்த ஒருவர் கட்டாயம் அதில் இருக்கத்தான் வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நம் வீட்டுச் சாவியை நாமும் வைத்திருக்க வேண்டும் என்கிற புத்தி மட்டும்தான். இல்ஃபோர்டு விஷயத்தை ஏழாவது வேலை நாளில் நானே உட்கார்ந்து போட்டேன்.

கம்பெனி மிச்சம்பிடித்துக் கொடுத்த காசையும் சொல்ல வேண்டும். தோசை மாஸ்டருக்கு 2026 ஜனவரியில் விசா முடிந்தது. நீட்டிப்புக்கான சி.ஓ.எஸ்.ஸை டிசம்பர் கடைசியில் போடலாம் என்றிருந்தோம், கிறிஸ்துமஸ் கூட்டம் முடியட்டுமே என்று. நவம்பரில் மின்னஞ்சல் வந்தது: இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் (ஸ்பான்சர் செய்யும் ஆளுக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தொகை) டிசம்பர் 16 முதல் ஏறுகிறது, சின்ன நிறுவனங்களுக்கு வருடத்துக்கு 364 பவுண்டிலிருந்து 480. மூன்று வருட விசா என்றால் 348 பவுண்டு வித்தியாசம். டிசம்பர் முதல் வாரத்திலேயே போட்டுவிட்டோம். அந்த மின்னஞ்சல் தலைப்பில் ஆச்சரியக்குறி எல்லாம் போட்டு, ஏதோ சேலை தள்ளுபடி மாதிரி இருந்ததால் நான் திறக்காமலே அழிக்கப் பார்த்தேன். இப்படி அனுப்பாதீர்கள் என்று எழுதினேன், பதில் இல்லை.

இனி பரோட்டா மாஸ்டர் கதை. 2024 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் கால் வைக்க இடமில்லாத நேரம், அவருக்கு ஊரிலிருந்து போன். அப்பா தவறிவிட்டார். மேலூர் பக்கம் கிராமம். அன்று ராத்திரி விமானத்துக்கே டிக்கெட் எடுத்துக் கொடுத்தோம். மூத்த மகன், காரியம் செய்ய வேண்டும். பதினாறு முடிந்ததும் வருகிறேன் அக்கா என்று போனார். போன இடத்தில் அம்மாவுக்கு உடம்பு விழுந்தது, பங்காளிகளோடு நிலத் தகராறும் சேர்ந்தது. இரண்டு வாரம் நான்காகி, நான்கு ஏழாகிவிட்டது. வா என்று எந்த வாயால் சொல்வது?

அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தோடு கூடிய லீவு மூன்று வாரம் பாக்கி இருந்தது, முதலில் அதைக் கழித்தோம். அப்புறம் சம்பளமில்லா லீவு. ஒரு நாள் ஆப்பில் மஞ்சள் நிறத்தில் வந்தது: இவர் இந்த வருடத்தில் 22 நாள் சம்பளமில்லாமல் இருக்கிறார், இன்னும் 6 நாள்தான். ஒரு காலண்டர் வருடத்தில் நான்கு வாரத்துக்கு மேல் சம்பளமில்லாமல் ஆள் வெளியே இருந்தால், நாம் ஸ்பான்சர் செய்வதை நிறுத்த வேண்டும் என்பது விதி. பிரசவம், நோய் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அப்பா செத்ததும் பங்காளித் தகராறும் அந்தப் பட்டியலில் நேராக இல்லை. விசேஷச் சூழ்நிலை என்று வாதாட இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த போன் நம்பருக்கு அடித்தேன்.

நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் எடுத்தாள். முழுக்கக் கேட்டாள். கடைசியில், "இது சட்ட ஆலோசனையில் வருகிறது, எங்கள் பேக்கேஜில் இல்லை, அரை மணிக்கு 180 பவுண்டு, வெள்ளிக்கிழமை நேரம் இருக்கிறது" என்றாள். அன்று திங்கட்கிழமை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இமிக்ரேஷன் ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் எல்லாருக்கும் அனுமதி கிடையாது. வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது அதற்கான ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். முன்பு ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்தது, 2025 ஜனவரியில் இமிக்ரேஷன் அட்வைஸ் அதாரிட்டி என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் கம்பெனி மென்பொருள் விற்கும் கம்பெனி. விதி என்ன என்று அறிவிக்கலாம், என் மாஸ்டர் விஷயத்தில் என்ன செய்யலாம் என்று சொல்லக் கூடாது. அந்தப் பெண் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டாள். ஆனால் விற்கும்போது, "எந்தச் சந்தேகமானாலும் ஒரு போன் போதும்" என்றார்களே, அதுதான் கோபம்.

கடைசியில் வழி எங்கள் கல்லாவிலேயே இருந்தது. விதி சம்பளமில்லாத லீவைத்தானே எண்ணுகிறது? கடைசி வாரத்துக்கு நாங்களாகவே சம்பளம் போட்டு, லீவு நீட்டிப்புக்குக் கடிதம் எழுதி ஃபைலில் வைத்தோம். வீட்டுக்காரர் முணுமுணுத்தார். சாவு வீட்டுக்கு மொய் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மாஸ்டர் திரும்பி வந்தபோது மொட்டைத் தலையில் முடி அரை அங்குலம் வளர்ந்திருந்தது.

ஸ்டூடண்ட் பிள்ளைகள் விஷயத்தில் ஆப் செய்தது சுத்தத் தப்பு. ஸ்டூடண்ட் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்கள் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், விடுமுறையில் முழு நேரம் செய்யலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு. ஆப் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை எல்லாருக்கும் 'கோடை விடுமுறை' என்று தானாகவே பச்சை காட்டியது. நானும் ஆகஸ்ட் ரோட்டாவில் (வேலை நேரப் பட்டியலில்) ஒரு பெண்ணுக்கு 31 மணி நேரம் போட்டுவிட்டேன். ரோட்டாவைப் பார்த்த அவளே வந்து, "அக்கா, எனக்கு லீவு கிடையாது, நான் மாஸ்டர்ஸ். செப்டம்பர்ல டிசர்டேஷன் கொடுக்கிற வரைக்கும் எங்களுக்குப் படிப்புக் காலம்தான்" என்றாள். மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான். அதனால்தான் கல்லூரியிலிருந்து படிப்புக் கால தேதிகளை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். ஆப்பில் அதைப் பதிவேற்ற இடம் இருந்தது. ஆனால் பதிவேற்றாவிட்டாலும் பச்சை காட்டியது. இதைச் சொல்லி எழுதினேன். இரண்டு மாதம் கழித்துச் சரி செய்தார்கள், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வாயில்லாமல் இருந்திருந்தால் அவள் விசாவும் போயிருக்கும், எனக்கு அபராதமும் வந்திருக்கும்.

2025 ஜூலை 22 பற்றி இங்கே சமையலறை வைத்திருக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நம் மாஸ்டர்கள் வந்த ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான தகுதியைப் பட்டப்படிப்பு அளவிலான வேலைகளுக்கு உயர்த்திவிட்டார்கள், புதிதாக வருபவருக்கு வருடச் சம்பள வரம்பு 38,700 பவுண்டிலிருந்து 41,700. கீழே இருக்கிற சில வேலைகளுக்குத் தற்காலிகப் பட்டியல் ஒன்று போட்டார்கள், அதில் சமையல்காரர் இல்லை. ஆக ஊரிலிருந்து புதிதாக ஒரு தோசை மாஸ்டரைக் கூட்டிவர இந்த விசாவில் வழியில்லை. ஏற்கெனவே இங்கே அந்த விசாவில் இருப்பவர்கள் நீட்டிக்கலாம், வேறு கடைக்கும் மாறலாம். இதன் பலன் என்ன தெரியுமா? நம் மாஸ்டர்களுக்கு வாரம் ஒரு போன் வருகிறது, எங்கள் கடைக்கு வாருங்கள் என்று. ஹை ஸ்ட்ரீட்டில் இப்போது பவுனுக்கு அடுத்தபடி விலை ஏறியது பரோட்டா மாஸ்டர்தான்.

கம்பெனியின் மின்னஞ்சல் அன்று சரியாகவே வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டிய விஷயத்தைத் தனியாக எடுத்துப் போட்டிருந்தார்கள்: 2024 ஏப்ரல் 4க்கு முன்னாலேயே இந்த விசாவில் இருந்தவர் நீட்டித்தால் வரம்பு 29,000லிருந்து 31,300. அதோடு அந்த வேலைக்கென்று தனியே போட்டிருக்கிற விகிதத்தையும் பார்த்து, எது கூடுதலோ அதைக் கொடுக்க வேண்டும். தோசை மாஸ்டர் 28,800 வாங்கிக்கொண்டிருந்தார். இடிக்காமல் இருக்கட்டும் என்று 32,400 ஆக்கினோம். மாதம் 300 பவுண்டு கூடுதல், ஒரு மசால் தோசையில் 50 பென்ஸ் ஏறியது அதனால்தான். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

அதே வாரம் திண்டுக்கல்லிலிருந்து தூரத்துச் சொந்தம் ஒருவர் போன் செய்து, "சி.ஓ.எஸ். எவ்வளவு லட்சம் ஆகும்?" என்று கேட்டார், ஏதோ மனை விலை விசாரிக்கிற மாதிரி. ஸ்கில்ஸ் சார்ஜை ஆளிடம் வாங்கக் கூடாது என்பது பழைய விதி. 2024 கடைசியிலிருந்து லைசென்ஸ் கட்டணத்தையும் சி.ஓ.எஸ். கட்டணத்தையும் கூட அவர் தலையில் கட்டக் கூடாது. வாங்கியது தெரிந்தால் லைசென்ஸ் போகும். அதை விளக்கினேன். "அது சரி, உள்ளுக்குள்ள எவ்வளவு?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

இவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு இடத்தையும் சொல்கிறேன். இரண்டு மாஸ்டர்களும் கடை மாடியில் தங்கியிருக்கிறார்கள், வாரம் 110 பவுண்டு வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தோம். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 ஆனபோது எங்கள் கணக்குப்பிள்ளை, சிவகங்கைக்காரர், பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். முதலாளி தரும் தங்குமிடத்துக்கு அந்த வருடம் ஒரு நாளைக்கு 10.66 பவுண்டு வரைதான் கணக்கில் எடுத்தார்கள், வாரத்துக்கு 74.62. அதற்கு மேல் பிடிப்பது ஊதியத்தைக் குறைத்ததாகவே ஆகும். அப்போதைய 28,800 சம்பளத்தில் அந்த அதிகப்படியைக் கழித்து, வாரம் 44 மணி நேரத்தால் வகுத்தால் தோசை மாஸ்டருக்கு மணிக்கு 11.78தான் வந்தது. குறைந்தபட்சத்துக்குக் கீழே! அன்றே வாடகையை 74 ஆக்கினோம், பழைய பாக்கியையும் கொடுத்தோம். பே ஸ்லிப் எல்லாம் ஆப்பில்தான் இருந்தது, மாதாமாதம் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, அது ஊதியச் சட்டம், எங்கள் பேக்கேஜ் இமிக்ரேஷன் மட்டும் என்றார்கள். உள்ளே வந்து பார்க்கிற அதிகாரிக்கு அந்தப் பிரிவினை இருக்குமா?

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றரை. அந்த குஜராத்தி அம்மா தனியாகக் கடை போட்டால் ஐந்து கொடுப்பேன். சேர நினைப்பவர்கள் பையன் பேசுவதைக் கேட்பதற்கு முன், ஆடிட்டுக்கு ஆள் நேரில் வருவாரா, வீடியோவிலா என்று கேளுங்கள். வீடியோ என்றால் வேண்டாம், சமையலறை வீடியோவில் தெரியாது. ஆலோசனை சொல்ல யார் பதிவு பெற்றவர், அவருக்குத் தனிக் கட்டணமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்பான்சர் செய்த ஆளே இல்லை, ஸ்டூடண்ட் பிள்ளைகள் மட்டும்தான் என்றால் இது தேவையே இல்லை. அரசாங்கத் தளம் இலவசம், ஒரு ஃபைலும் வாரம் அரை மணி நேரமும் போதும்.

நாங்கள் புதுப்பிக்கிறோம், போன் உதவி இல்லாத பேக்கேஜாக. மாதம் 90 என்று இறங்கி வந்தார்கள். ஜூனில் பரோட்டா மாஸ்டருக்கு நீட்டிக்க வேண்டும். 2026 தொடக்கத்து விலைக்கு சி.ஓ.எஸ். 525, மூன்று வருட ஸ்கில்ஸ் சார்ஜ் 1,440, மொத்தம் 1,965 பவுண்டு, எல்லாம் நம் கையிலிருந்து. வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய் கிரைண்டருக்கு எண்ணெய் விட்டார்.